ஓவியத்துக்குச் சோறு போட்ட கைவினை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான சில நாள்களில், சங்கரன்கோவிலில் உள்ள உறவினர் வீடொன்றுக்குச் சென்றிருந்தேன். முன்கட்டில் நாற்காலிகள், பின்கட்டில் இரண்டு விசைத்தறிகள். அந்த ஊரில் பல வீடுகளின் அமைப்பு இதுதான். தறி ஓடும்போது பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் வெளியூரிலும் சற்று உரக்கப் பேசுவதற்கு இதுவே காரணம் என்று எனக்கொரு எண்ணம் உண்டு. அந்த வீட்டுப் பேத்தி பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். அறிவியல் பிரிவு கிடைக்கும். ஆனால், அவளுடைய ஆசை வரைவதில் இருந்தது.

அவள் முன்னே மூன்று வழிகள் இருந்தன. மேல்நிலைக் கல்வியின் தொழிற்பிரிவில் நெசவியலும் ஆடை வடிவமைப்பும் படிப்பது ஒன்று. ஏதாவது ஒரு பொதுப்பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுச் சென்னையிலோ கும்பகோணத்திலோ உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிக்குப் போய் ஓவியம் கற்பது மற்றொன்று. மூன்றாவது, வடிவமைப்புக் கல்வி நிறுவனங்களின் அகில இந்திய நுழைவுத் தேர்வுக்குத் தயாராவது. வீட்டில் ஆளுக்கொரு கட்சி. தாத்தா மட்டும் என்னைப் பார்த்து, பொருளாதாரம் படித்தவர் என்ற முறையில், இவற்றில் எது சோறு போடும் என்று சொல்லுமாறு கேட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் தேவை, அளிப்பு என்று பேசியவனுக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. ஊர் திரும்பும் வழியெல்லாம் என் நினைவில் ஓடியது, இதே கேள்வியைத் தன் வாழ்நாளில் இருமுறை எதிர்கொண்ட ஒரு மனிதரின் கதை. முதல்முறை தனக்காக, இரண்டாம் முறை தன்னிடம் படித்த நாற்பது பேருக்காக. அவர் கே.சி.எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1911-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தவர். பள்ளிக் காலத்தின் ஒரு பகுதி பொன்னானியில் கழிந்தது. கால்வாய்களும் தென்னை வரிசைகளும் நீரில் விழும் அவற்றின் நிழலும்தான் அவருடைய முதல் ஓவியப் பாடங்கள். பதினேழு வயதிலேயே சென்னைக் கண்காட்சியில் அவருடைய நீர்வண்ண ஓவியங்கள் இடம்பெற்றன. இப்படிப்பட்ட பையன் நேரே கலைப்பள்ளிக்குப் போயிருப்பான் என்றுதானே நினைப்போம்? அப்படி நடக்கவில்லை. தந்தையின் மறைவுக்குப் பின் குடும்பப் பொறுப்பு வந்து சேர்ந்தது. தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு சில ஆண்டுகள் ஆயுள் காப்பீட்டு முகவராக வீடு வீடாக ஏறி இறங்கினார். 1930-களின் முற்பகுதி என்பது உலகப் பெருமந்தத்தின் காலம். விளைபொருள் விலைகள் வீழ்ந்து, கையில் காசில்லாத மக்களிடம் எதிர்காலத்துக்கான பாதுகாப்பை விற்பது எத்தகைய தொழிற்பயிற்சி என்பதை எண்ணிப் பார்க்கலாம். பிற்காலத்தில் கலைஞர்களுக்காக ஒரு பொருளாதார ஏற்பாட்டை அவர் உருவாக்கியபோது, இந்த ஆண்டுகள் வீண்போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பணம் எப்படி வருகிறது, எப்படி வராமல் போகிறது என்பதை அவர் ஓவியப் பள்ளியில் கற்கவில்லை.

1936-இல், இருபத்தைந்தாவது வயதில், கையிலிருந்த பிழைப்பை விட்டுவிட்டு சென்னை அரசு கலை, கைவினைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அந்தப் பள்ளியின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சங்கரன்கோவில் சிறுமியின் குழப்பம், அந்தப் பள்ளிக்கு ஏறத்தாழ நூறாண்டுகளாக இருந்த குழப்பம்.

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் அதைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு பொறுப்பேற்றது. அன்றிலிருந்து அங்கே ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது: நாம் கலைஞர்களை உருவாக்குகிறோமா, கைவினைஞர்களை உருவாக்குகிறோமா, அல்லது தொழிற்சாலைக்கு வேண்டிய வரைவாளர்களை உருவாக்குகிறோமா? தலைமைப் பொறுப்புக்கு வந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை தந்தார்கள். 1884-இல் வந்த ஈ.பி. ஹேவல், இந்தியக் கைவினை மரபுகளைத் தேடித் தென்மாவட்டங்களில் அலைந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஆல்ஃபிரட் சாட்டர்டன் ஒரு பொறியாளர். அவர் 1898-இல் பள்ளி வளாகத்திலேயே அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். அது வெற்றி பெற்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனி நிறுவனமாகியது. நம் பாட்டிமார் சமைத்த அலுமினியச் சட்டியின் மூதாதையைத் தேடினால், ஓர் ஓவியப் பள்ளியின் கொட்டகைக்குத்தான் போய்ச் சேர வேண்டும். கயிற்றை இழுத்தால் நாடா தானாக ஓடும் தறியைப் பரப்புவதிலும் சாட்டர்டன் ஆர்வம் காட்டினார். நெசவூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. அந்த நாடா தெரியும்.

1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்றார். சென்னைக் கடற்கரையில் பாறையை நகர்த்தும் நால்வரின் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். அப்பள்ளிக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் அவர். அவர் காலத்தில் தராசுத் தட்டு கலையின் பக்கம் சாய்ந்தது. கற்பனை, தனித்தன்மை, கலைஞன் என்ற மிடுக்கு ஆகியவை முன்னுக்கு வந்தன; கைவினைப் பிரிவுகள் அதே வளாகத்தின் பின்புறத்தில் தம்போக்கில் நடந்துகொண்டிருந்தன. பணிக்கர் படித்தது இந்தச் சூழலில்தான். 1940-இல் பட்டயம் பெற்றார். மறு ஆண்டே அங்கேயே ஆசிரியரானார்.

இங்கே சற்று நின்று, அதே பள்ளியில் அவருக்கு முன்னரே படித்த இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் அவர் எங்கள் பக்கத்துக்காரராகிவிட்டவர். சங்கரன்கோவிலில் பேருந்து ஏறினால் கழுகுமலை வழியாகக் கோவில்பட்டிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே 'தேவி ஆர்ட் ஸ்டூடியோ' நடத்திய சி. கொண்டையராஜு 1898-இல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பள்ளியில் முறையாகப் பயின்றவர். படிப்பு முடிந்ததும் கண்காட்சிகளின் பாதையில் அவர் போகவில்லை. சில காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் குழுவில் சேர்ந்து திரைச்சீலைகள் வரைந்தார். குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியவர் 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். பக்கத்தில் சிவகாசி, அங்கே அச்சகங்கள். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் இலட்சுமியும் நாள்காட்டிகளாகித் தமிழ்நாட்டின் பூசை அறைகளை நிறைத்தன. மளிகைக் கடைக்காரர் தைப்பொங்கலுக்குக் கொடுத்த இலவசப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டிய ஒவ்வொரு வீடும், தனக்குத் தெரியாமலே, சென்னைக் கலைப்பள்ளி மாணவர் ஒருவரின் படைப்பைச் சேகரித்த வீடுதான். ஆனால், கலையுலகம் அவரை நெடுங்காலம் கலைஞராகக் கணக்கில் எடுக்கவில்லை. பின்னர் ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் போன்றோர் எழுதிய பிறகே அறிவுலகம் திரும்பிப் பார்த்தது. 1976-இல் கொண்டையராஜு மறைந்தார். அடுத்த ஆண்டு பணிக்கர். ஒரே வளாகத்தில் தொடங்கிய இரு வாழ்க்கைகள், ஒன்றையொன்று தொடாமலே ஏறத்தாழ ஒரே காலத்தில் முடிந்தன.

கொண்டையராஜு சந்தைக்குள் நடந்து போனார். பணிக்கரின் சிக்கல் வேறு. அவர் வரைய விரும்பிய ஓவியங்களுக்குச் சென்னையில் சந்தையே இல்லை.

ஆசிரியரான மூன்று ஆண்டுகளில், 1944-இல், முற்போக்கு ஓவியர் சங்கத்தை நண்பர்களோடு தொடங்கினார். அது கண்காட்சிகள் நடத்தியது; பின்னாளில் 'ஆர்ட் டிரெண்ட்ஸ்' என்ற இதழையும் கொண்டுவந்தது. 1954-இல் ஐரோப்பா சென்று லண்டனிலும் பாரிஸிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். வான்கோவின் வண்ணங்களில் தோய்ந்திருந்த கை அவருடையது. அந்தப் பயணத்திலிருந்து திரும்பியவருக்கு, மேற்கின் நவீனத்தை நாம் எவ்வளவு திறமையாகச் செய்தாலும் அது இரவல்தான் என்ற உறுத்தல் வளர்ந்தது. அதற்கு அவர் கண்ட விடை ஒரு பத்தாண்டு கழித்தே வந்தது.

1957-இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற, பணிக்கர் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 1960-களின் தொடக்கத்தில் பள்ளி, கல்லூரியாக உயர்ந்தது. அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது 1961-இல். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர், நம் சாதாரணச் செம்பின் வடிவத்தை வியந்து இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை அளித்திருந்தார்கள். ஆக, வடிவமைப்பு என்பது கலையிலிருந்தும் கைவினையிலிருந்தும் பிரிந்து தனிப்பாடமாகத் தலையெடுத்த அதே நேரத்தில், சென்னையில் பணிக்கர் இதற்கு நேரெதிரான காரியத்தைச் செய்துகொண்டிருந்தார். ஓவிய மாணவர்களைக் கைவினைப் பிரிவுகளுக்குள் போய் உட்காரச் சொன்னார். தூரிகை பிடித்தவர்கள் மண் பிசைந்தார்கள், உலோகத் தகட்டைத் தட்டினார்கள், துணிக்குச் சாயம் ஏற்றினார்கள். நூறாண்டுகளாக முன்புறமும் பின்புறமுமாக இருந்த வளாகத்தில் போக்குவரத்து தொடங்கியது.

இதன் விளைவைச் சிற்பத்தில் தெளிவாகக் காணலாம். பி.வி. ஜானகிராம், வார்ப்புக்கு ஆகும் செலவும் கனமும் இல்லாமல், செம்புத் தகட்டைத் தட்டி, கம்பிகளைப் பற்றவைத்து, முன்பக்கத் தோற்றத்தையே முதன்மையாகக் கொண்ட சிற்பங்களைச் செய்தார். நம் கோயில்களில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தை நினைவூட்டும் வேலை அது. பணிக்கரின் மகன் நந்தகோபாலும் உலோகத்தில் இதே திசையில் வெகுதூரம் சென்றார். கைவினையைத் துணைப்பாடமாக எடுத்தவர்களின் கைகளில் கலை வேறு உருக்கொண்டது. இது பாடத்திட்டக் குழுக்கள் முன்கூட்டித் திட்டமிட்டுப் பெறக்கூடிய விளைவன்று.

ஆனால், பணிக்கரை அலைக்கழித்த கவலை அழகியல் சார்ந்தது மட்டுமல்ல. ஆண்டுதோறும் தாம் பயிற்றுவித்து அனுப்பும் திறமைசாலிகள் சில ஆண்டுகளில் ஓவியத்தைக் கைவிடுவதை அவர் பார்த்தார். ஒருவர் எழுத்தராகப் போனார். இன்னொருவர் பள்ளி ஓவிய ஆசிரியரானார். மற்றொருவர் திரைப்பட விளம்பரப் பலகைக்குப் போனார். பம்பாயிலும் தில்லியிலும் ஓவியம் வாங்க ஓரளவுக்கு ஆள்கள் இருந்தார்கள். சென்னையில் இசைக்கு இருந்த புரவலர்களில் பத்தில் ஒரு பங்குகூட ஓவியத்துக்கு இல்லை என்பது என் கணிப்பு. சபாவுக்குச் சந்தா கட்டிய குடும்பம், வீட்டுச் சுவருக்கு நாள்காட்டியே போதும் என்று இருந்தது.

இந்த இடத்தில்தான் காப்பீட்டு முகவர் விழித்துக்கொண்டார் என்று எண்ணத் தோன்றுகிறது. கலைஞர்களின் கைவினைச் சங்கம் ஒன்றை அவர்கள் அமைத்தார்கள். ஓவியம் விற்காது; ஆனால், ஓவியர் சாயம் ஏற்றிய துணி விற்கும். மெழுகைப் பூசி, பூசாத இடத்தில் மட்டும் சாயம் பிடிக்கச் செய்யும் பாத்திக் முறை அவர்களுக்குக் கைகொடுத்தது. துணி, தோல், மண்பாண்டம், உலோக நகை எனப் பலவும் செய்தார்கள். பாத்திக் துணிகளை மக்கள் தேடி வாங்கினார்கள். விற்ற பணத்தில் ஒரு பங்கு செய்தவருக்கு, ஒரு பங்கு பொதுநிதிக்கு. அந்தப் பொதுநிதியைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சில ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. 1966 ஏப்ரல் 13 அன்று சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது.

அன்றைய ஈஞ்சம்பாக்கம் இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஈஞ்சம்பாக்கம் அன்று. மணல், சவுக்கு, பாம்பு. குடிசை போட்டுத்தான் முதலில் வசித்தார்கள். காலையில் வயிற்றுக்காகக் கைவினை, மற்ற நேரத்தில் மனத்துக்காக ஓவியம் என்பதே பொதுவான ஏற்பாடு. அரசின் மானியத்தை எதிர்பார்த்து நிற்கவில்லை. வள்ளல் எவரும் அவர்களை வாங்கிவிடவும் இல்லை. ஜே. சுல்தான் அலி, கே.வி. ஹரிதாசன், எஸ்.ஜி. வாசுதேவ், பி.எஸ். நந்தன், எம். சேனாதிபதி, அர்னவாஸ் முதலியோர் அந்த மணலில் வேர்விட்டவர்கள். மனநலம் குன்றிப் பிறரோடு பழக இயலாதிருந்த கே. ராமானுஜம் என்ற அரிய ஓவியருக்கும் அங்கே இடம் கிடைத்தது. வேறெந்த நிறுவனத்தின் விதிகளுக்கும் அவர் பொருந்தியிருக்க மாட்டார். 1973-இல் இளம் வயதிலேயே அவர் இறந்தார். அவர் விட்டுச்சென்ற ஓவியங்களின் கனவு நகரங்களைப் பார்க்கும்போது, அந்தக் குடியிருப்பு வேறொன்றும் செய்யாமல் இவர் ஒருவரைச் சில ஆண்டுகள் காத்திருந்தாலே போதும் என்று நினைத்திருக்கிறேன்.

1966 என்ற ஆண்டைப் பற்றிப் பொருளாதார ஆசிரியனாக ஒரு வார்த்தை. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரச் சங்கடத்தைப் பற்றிய தங்கள் புகழ்பெற்ற நூலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். தொழிற்சாலையில் ஒரு மணி நேர உழைப்பின் விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. ஆனால், நால்வர் சேர்ந்து வாசிக்கும் இசைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னும் நால்வர்தான், இன்றும் நால்வர்தான், அதே நேரம்தான். எனவே, கலையின் ஒப்பீட்டுச் செலவு உயர்ந்துகொண்டே போகும். வெளியிலிருந்து யாரேனும் தாங்காவிட்டால் அது நிற்காது. இதுவே அவர்கள் வாதத்தின் சாரம். இதை நான் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். அந்தத் தாங்குதலைக் கலைஞனின் இன்னொரு கையே தரலாம் என்ற யோசனையை ஈஞ்சம்பாக்கத்தில் சிலர் அதே ஆண்டில் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை ஒருமுறைகூட மாணவர்களிடம் சொன்னதில்லை. எனக்கே அப்போது தெரியாது.

கலைக்குக் கைவினை உதவித்தொகை கொடுத்தது என்று இதைச் சுருக்கிவிடலாம். ஆனால், அப்படிச் சுருக்கும்போது பணிக்கரின் சொந்த ஓவியத்துக்கு நேர்ந்தது விடுபட்டுவிடும். மாணவர்களைக் கைவினைப் பட்டறைகளுக்கு அனுப்பிய அதே ஆண்டுகளில், 1963 வாக்கில், 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவியத் தொடரைத் தொடங்கினார். சாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள், எண்கள், மலையாள எழுத்தைப் போன்றிருந்தும் வாசிக்க முடியாத வரிகள், சிறு பறவைகள், மீன்கள். ஐரோப்பியப் பயணத்தின் உறுத்தலுக்கு அவர் கண்ட விடை அது. ஓலைச்சுவடி எழுதுபவரும் சோதிடரும் கோலமிடும் பெண்ணும் நாள்தோறும் இழுக்கும் கோடுகளிலிருந்து அவர் தமக்கான நவீனத்தை எடுத்தார். பின்புறப் பட்டறையின் கதவைத் திறந்துவிட்டவருக்குள்ளும் அந்தக் காற்று புகுந்திருக்கிறது. படத்துக்கு முன்னால் நிற்பவர் அதை வாசிக்க முயன்று தோற்று, பிறகு பார்க்கத் தொடங்குவார்.

இந்தக் கதையில் எனக்கு உடன்பாடில்லாத, அல்லது குறைந்தபட்சம் நெருடலான ஒரு பகுதியும் உண்டு. சோழமண்டலத்தில் கைவினை என்பது தெரிந்தெடுத்த ஒன்று. பட்டயம் பெற்ற ஓவியர், இதையும் செய்வேன் என்று முடிவெடுத்துச் சாயத்தொட்டியில் கைவைத்தார். சங்கரன்கோவிலிலோ, புளியங்குடியிலோ சாயத்தொட்டியில் கைவைப்பவருக்கு அப்படியொரு முடிவெடுக்கும் தருணமே வாய்த்ததில்லை. தந்தை வைத்த தொட்டி அது. தமிழ்நாட்டில் கைவினை என்ற சொல்லோடு சாதியும் சேர்ந்தே வருகிறது. 1953-இல் ராஜாஜி, தொடக்கப் பள்ளி மாணவர்கள் அரைநாள் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் பழக வேண்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோது, அது குலக்கல்வி என்று கடுமையாக எதிர்க்கப்பட்டது. மறு ஆண்டு காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களின் அச்சம் நியாயமானது என்பது என் கருத்து. ஆனால், அந்த அச்சத்தின் நிழல் இன்னும் நம் பள்ளிகளில் படிந்திருக்கிறது. கைத்தொழில் வகுப்பு என்றால் மதிப்பெண் குறைந்தவர்களுக்கானது, ஓவிய வகுப்பு என்றால் கணித ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வதற்கானது என்று ஆகிவிட்டது. ஓவியம், தையல் போன்றவற்றுக்கு 2012 முதல் நியமிக்கப்பட்ட பகுதி நேரச் சிறப்பாசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடும் செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். பாடத்தைப் பகுதி நேரமாக வைத்துவிட்டு, மாணவரை முழுநேரமாக அதைத் தேர்ந்தெடு என்று சொல்வதில் என்ன நேர்மை இருக்கிறது?

பிறந்த தொழிலைவிட்டு வெளியேறவே அந்தச் சிறுமியின் தந்தை பாடுபட்டிருக்கிறார். அவளை நெசவியல் பிரிவில் சேர்ப்பது அவர் கண்ணில் பின்னோக்கிப் போவது. வடிவமைப்பு என்ற சொல் மட்டும் அவருக்கு இதமாக இருக்கிறது. அதில் தறியின் வாடை இல்லை. இந்தச் சொல் மாற்றத்தின் விலை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். தறியில் பாவு ஓடும் விதம் அறியாத வடிவமைப்பாளர், கணினியில் வரைந்த கரையை நெய்ய முடியாது என்று சொல்ல ஒரு நெசவாளர் தேவைப்படுகிறார். அந்த நெசவாளரின் பெயர் சேலையின் சீட்டில் இருப்பதில்லை.

இந்த இடைவெளியில் நின்று வேலை செய்தவர்களும் பணிக்கரின் கல்லூரியிலிருந்துதான் வந்தார்கள். சென்னையில் மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் இருந்தது. எம். ரெட்டப்ப நாயுடு அங்கே பணியாற்றினார். துறையூர் அருகே கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலமும் பணியாற்றினார். பகலில் சேலைக் கரைக்கும் உடலுக்கும் வடிவம் வரைந்த ஆதிமூலம், தம் நேரத்தில் காந்தியின் கோட்டோவியங்களையும் சிதைந்த அரசர்களையும் வரைந்தார். தமிழ்ப் புத்தகங்களின் அட்டைகளுக்கும் இதழ்களின் தலைப்பெழுத்துகளுக்கும் புதிய முகம் தந்தார். அவரை எந்தப் பிரிவில் சேர்ப்பது? பள்ளி விண்ணப்பப் படிவத்தில் அவருக்குரிய கட்டம் கிடையாது. நெசவூரிலிருந்து யோசிக்கும்போது, சோழமண்டலத்தைவிட இவர்களுடைய வழியே எனக்கு நெருக்கமாகப் படுகிறது. மாதச் சம்பளம் உண்டு என்பதும், தறிக்காரரோடு நேருக்கு நேர் பேச வேண்டியிருந்தது என்பதும் காரணங்கள்.

பணிக்கர் 1967-இல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். எஞ்சிய ஆண்டுகள் சோழமண்டலத்தோடும் குறியீட்டு ஓவியங்களோடும் கழிந்தன. நாளடைவில் அங்கிருந்தவர்களின் ஓவியங்களும் சிற்பங்களும் தாமாகவே விற்கத் தொடங்கின. அப்படி விற்கத் தொடங்கியதும், பாத்திக் தொட்டிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. இதைத் தோல்வி என்பதா, வெற்றி என்பதா? ஊன்றுகோலை எறிந்துவிட்டு நடந்தார்கள் என்று ஒருவர் சொல்லலாம். கைவினை அவர்களுக்கு ஊன்றுகோலாக மட்டுமே இருந்தது என்று இன்னொருவர் குறைபட்டுக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவது பேச்சிலும் உண்மை இருப்பதாகப்படுகிறது. பணிக்கர் கல்லூரியில் செய்தது ஆழமானது. கிராமத்தில் செய்தது புத்திசாலித்தனமானது. ஒன்றில் கைவினை கலையின் மொழியை மாற்றியது. மற்றொன்றில் கலைக்கு அரிசி வாங்கிக்கொடுத்தது. அரிசி வாங்கிக்கொடுப்பதைக் குறைவாகச் சொல்லவில்லை; வாங்கிக்கொடுத்த நிலத்தில் இன்றும் கலைஞர்கள் வசிக்கிறார்கள், சென்னைக் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது. நில மதிப்பு எத்தனை மடங்கு உயர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்கிறேன்.

1977 ஜனவரியில், அறுபத்தைந்து வயதில், பணிக்கர் சென்னையில் காலமானார்.

என் பணிக்காலத்தில் ஒரு கல்லூரியில், பொருளாதார வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து குறிப்பேடு முழுவதும் முகங்களை வரையும் மாணவன் ஒருவன் இருந்தான். இரண்டாம் ஆண்டில் கவின் கலைக் கல்லூரிக்கு மாறிவிடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டான். பட்டத்தை முடித்துவிட்டு வங்கித் தேர்வு எழுதச் சொன்னேன். எழுதினான், தேறினான். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு திருமண வீட்டில் பார்த்தபோது, வரைகிறாயா என்று கேட்டேன். சிரித்தான். அவனுக்கு நான் சொன்னது தவறு என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை. இருபத்தைந்து வயதில் காப்பீட்டுப் பையை இறக்கி வைத்துவிட்டுக் கலைப்பள்ளிக்குள் நுழைந்த ஒருவரின் கதை அன்று எனக்குத் தெரிந்திருந்தால், வங்கி வேலைக்குப் பிறகும் அந்தக் கதவு திறந்திருக்கும் என்றாவது சொல்லியிருப்பேன்.

சென்ற வாரம் சங்கரன்கோவிலுக்குத் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். பின்னணியில் தறி ஓடிக்கொண்டிருந்தது. பணிக்கரைப் பற்றியும் ஆதிமூலத்தைப் பற்றியும் சொன்னேன். கோவில்பட்டிக்குப் போகும் வழியில் கழுகுமலையில் இறங்கி வெட்டுவான் கோயிலைப் பார்க்கச் சொன்னேன். ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துவந்து பாதியில் நிறுத்திய பாண்டியர் காலத்துச் சிற்பிகள் தங்களை என்னவென்று அழைத்துக்கொண்டார்கள் என்று அவளை யோசிக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். நெசவியல் பிரிவில் சேர்ந்தால் பிறகு கவின் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க முடியுமா, அதை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள் என்றாள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.